நாற்சக்கரச் சிறுவண்டியை ஏற்றுவதும் இறக்குவதும்

“பதறாத காரியம் சிதறாது” என்பது நம் முன்னோர் வாக்கு. இம்மூதுரையின் பொருளை நான் பள்ளிப் புத்தகத்தில் படித்திருந்தேன். பிறகு மாணவர்க்கும் கற்பித்தேன். ஆயினும் அதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது 2011ஆம் ஆண்டில், பேராவிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திலேதான்.

அன்று மாலை தோட்ட மண்டபத்தில் ஒரு கூட்டம். அதற்காகச் சென்றிருந்த நான், பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே ஒரு சிறிய லோரியில், ஏ.டி.வி. என்று நாம் சுருக்கமாக அழைக்கும் நாற்சக்கரச் சிறுவண்டியை ஏற்றிக்கொண்டிருந்தனர். பழுது பார்ப்பதற்காகப் பட்டணத்துக்குக் கொண்டு செல்ல வேண்டிய வண்டி அது. லோரியின் பின்விளிம்பில் இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்தார்கள். அவற்றைக் கட்டவில்லை. ஓட்டுநர் அனுபவம் மிக்கவர். பல ஆண்டுகள் டிராக்டர் ஓட்டியவர். வேக விசையை அழுத்தி ஏறினார். முன்சக்கரங்கள் லோரியின் தளத்தைத் தொட்டன. அக்கணமே பின்சக்கரங்கள் சுழன்று, பலகைகளைப் பின்னோக்கி உதைத்துத் தள்ளின. பலகைகள் விழுந்தன, வண்டி மல்லாந்து அவர் மேலேயே சாய்ந்தது.

இறையருளால் உயிர் தப்பியது. இடுப்பெலும்பு முறிந்தது. சில மாதங்கள் கழித்து அவர் இல்லத்துக்குச் சென்று நலம் விசாரித்தபொழுது, அவருடைய மனைவியார் சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் ஒலிக்கிறது. “பலகையைக் கட்ட ஐந்து நிமிடம் ஆகும் என்று விட்டுவிட்டார் ஐயா, ஆறு மாதமாகக் கட்டிலை விட்டு எழவில்லை” என்றார் அவர்.

இத்தகைய விபத்துகள் விதியால் நேர்வன அல்ல. கணக்குத் தவறுவதால் நேர்வன. கணக்கைத் தெரிந்துகொண்டால் விபத்தைத் தவிர்க்கலாம். அக்கணக்கை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏன் ஏற்றிச் செல்ல வேண்டும்?

1970ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் மூன்று பெரிய சக்கரங்களைக் கொண்ட சிறுவண்டி ஒன்றை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. சேற்றிலும் மணலிலும் பனியிலும் அது எளிதாகச் சென்றது. ஆனால், திரும்பும்போது எளிதில் குடை சாய்ந்தது. விபத்துகள் பெருகியதன் விளைவாக, 1988ஆம் ஆண்டில் அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, உற்பத்தியாளர்கள் அந்நாட்டில் புதிய மூன்று சக்கர வண்டிகளை விற்பதை நிறுத்தினர். நான்கு சக்கர வண்டிகள் அவ்விடத்தைப் பிடித்தன. இன்று உலகெங்கும் பண்ணை வேலைக்கும், வனக் காவலுக்கும், வேட்டைக்கும் அவை பயன்படுகின்றன. நம் நாட்டிலும் சில தோட்டங்களில் மேற்பார்வைக்காகவும், விடுமுறைத் தலங்களில் பொழுதுபோக்குக்காகவும் அவற்றைக் காண்கிறோம்.

இவ்வண்டி காட்டுப் பாதைக்கென அமைந்தது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பதிவும் உரிமமும் பெறாத மோட்டார் வாகனம் எதுவும் பொதுச் சாலையில் ஓடுதல் ஆகாது. ஆகவே, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கோ, பழுது பார்க்கும் பட்டறைக்கோ, வேட்டைக்குச் செல்லும் காட்டோரத்துக்கோ இதனை ஓட்டிச் செல்லலாகாது. ஏற்றியே செல்ல வேண்டும். “இரண்டு மைல்தானே, ஓரமாகவே ஓட்டிவிடலாம்” என்னும் எண்ணம் சட்டத்துக்கும் புறம்பானது, உயிருக்கும் கேடானது. இவ்வண்டியின் மென்மையான பெருஞ்சக்கரங்கள் தார்ச்சாலையில் விரைவாகத் திரும்புவதற்கு ஏற்றவை அல்ல.

பாரத்தின் கணக்கு

தோட்ட வேலைக்குப் பயன்படும் நாற்சக்கரச் சிறுவண்டி பெரும்பாலும் 250 முதல் 350 கிலோ வரை எடை உடையது. பெட்ரோல், கருவிப் பெட்டி, கயிறு ஆகியவற்றைச் சேர்த்தால் இன்னும் கூடும். நாம் கணக்குக்காக 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

ஏற்றிச் செல்லும் வாகனம் இப்பாரத்தைத் தாங்குமா என்பதே முதற் கேள்வி. நம் நாட்டில் சரக்கு வாகனங்களின் பக்கத்தில் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று, பாரத்துடன் கூடிய எடை. மற்றொன்று, பாரமற்ற எடை. முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழித்தால் கிடைப்பது, அவ்வாகனம் சுமக்கத் தக்க அளவு. எடுத்துக்காட்டாக, முதல் எண் 5,000 கிலோவும் இரண்டாம் எண் 2,800 கிலோவுமாக இருப்பின், சுமக்கத் தக்கது 2,200 கிலோ. அதற்கு மேல் ஒரு மூட்டை வைப்பதும் குற்றமே.

அளவு மீறிய பாரம் என்பது அபராதச் சீட்டோடு முடியும் செய்தியன்று. 2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், தெலுக் இந்தானில் சரளைக் கற்கள் ஏற்றிவந்த லோரி ஒன்று, கலகத் தடுப்புப் போலீசார் பயணம் செய்த வாகனத்துடன் மோதி, 9 பேர் மாண்டதை நாடே கண்ணீருடன் கேட்டது. அந்த லோரி அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருந்தது என்பது விசாரணையில் வெளிப்பட்டது. பாரம் கூடக் கூட, நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் கூடும். திருப்பும் கருவிக்கும் தடைக்கும் சக்கரங்களுக்கும் ஏற்படும் வருத்தமும் கூடும்.

அடுத்தது, இடத்தின் அளவு. இரட்டை அறை கொண்ட பிக்கப் வண்டியின் பின்தளம் ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமே உடையது. நாற்சக்கரச் சிறுவண்டியோ ஏறத்தாழ 2 மீட்டர் நீளமிருக்கும். ஆதலால் பின்கதவைத் திறந்து வைத்தபடியே செல்ல நேரும். அப்பொழுது பின்சக்கரங்களின் பாரம் முழுவதும் அக்கதவின் மேலும், அதைத் தாங்கும் இரண்டு மெல்லிய கம்பிகளின் மேலும் விழும். எண் பலகையும் பின்விளக்கும் மறையக் கூடும். இவ்வகை வேலைக்கு 3 மீட்டர் அளவு நீண்ட தளமுடைய சிறிய லோரியே தக்கது.

சாய்பலகையின் கணக்கு

ஏற்றுவதற்குரிய சாய்பலகையின் நீளம் என்னவாக இருக்க வேண்டும்? இதனைப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம்.

லோரித் தளத்தின் உயரம் 80 செண்டிமீட்டர் என்க. பலகையின் நீளம் 160 செண்டிமீட்டர் ஆனால், 80ஐ 160ஆல் வகுக்க, அரை வரும். அதாவது, வண்டியின் எடையில் பாதி, 150 கிலோ, சரிவின் வழியே கீழ் நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். பலகையின் நீளத்தை 240 செண்டிமீட்டராக்கினால், 80ஐ 240ஆல் வகுக்க, மூன்றில் ஒரு பங்கு. இழுவிசை 100 கிலோவாகக் குறைகிறது. முதற் சரிவின் கோணம் 30 பாகை. இரண்டாவதன் கோணம் 20 பாகைக்கும் சற்றுக் குறைவு. கோணம் குறையக் குறைய, வண்டி மல்லாந்து விழும் அபாயமும் குறைகிறது. ஆகவே, தளத்தின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள பலகையே வேண்டும் என்று நினைவில் கொள்க. அதற்கும் நீண்டதாயின் நன்று.

மேலும் ஓர் எளிய வழி உண்டு. நம் தோட்டங்களில் மண்மேடுகளுக்குப் பஞ்சமில்லை. லோரியின் பின்புறத்தை மேட்டை நோக்கி நிறுத்தினால், தளத்துக்கும் மண்ணுக்கும் உள்ள உயர வேறுபாடு குறைந்துவிடும். 80 செண்டிமீட்டர் உயரம் 30 செண்டிமீட்டராகிவிட்டால், பாதி ஆபத்து அங்கேயே ஒழிந்தது. ஆனால் மேடு உறுதியாக இருக்க வேண்டும். மழையில் இளகிய விளிம்பு சரிந்துவிடும்.

பலகை தாங்கும் எடையையும் பார்க்க வேண்டும். வண்டி 300 கிலோ, ஓட்டுநர் 75 கிலோ, பொருள்கள் 25 கிலோ எனில், இரு பலகைகளும் சேர்ந்து 400 கிலோவுக்கு மேல் தாங்கத் தக்கனவாக இருத்தல் வேண்டும். தாங்கும் அளவு பொறிக்கப்பட்ட உலோகப் பலகைகளே சிறந்தவை. வீடு கட்டி மிஞ்சிய மரப்பலகையும், கறையான் அரித்த பலகையும் இதற்கு ஆகா. ஈரமான மரப்பலகையில் சேறு படிந்த சக்கரம் சோப்பின் மேல் கால் வைத்தது போல் வழுக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. பலகையின் மேல்முனையை லோரியுடன் சங்கிலியாலோ, இறுக்குப் பட்டையாலோ கட்டியே தீர வேண்டும். ஏனெனில், சக்கரம் வண்டியை முன்னே தள்ளும்பொழுது பலகையைப் பின்னே தள்ளுகிறது. படகிலிருந்து கரைக்குத் தாவும் ஒருவன் படகைப் பின்னே உதைத்துவிடுவதை ஆற்றோரத்தில் பார்த்திருப்பீர்கள். படகைக் கட்டியிருந்தால் தாவுபவன் கரையில் நிற்பான். கட்டாவிடின் நீரில் விழுவான். நான் கண்ட விபத்தும் அவ்வாறு நேர்ந்ததே.

ஏற்றும் முறை

முதலாவதாக, லோரியைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கைத்தடையை இழுத்து, கியரில் விடுக. லோரியின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க. மேட்டை நோக்கி நிறுத்தும்பொழுது இது இரு மடங்கு அவசியம்.

இரண்டாவதாக, பலகைகளைச் சக்கரங்களின் இடைவெளிக்குச் சரியாக அமைத்துக் கட்டுக. சிறுவண்டியின் சக்கரங்களிலும் பலகையிலும் உள்ள சேற்றைத் துடைத்துவிடுக. வண்டியின் மேலுள்ள மூட்டை முடிச்சுகளை இறக்கிவிடுக.

மூன்றாவதாக, வேடிக்கை பார்ப்போரை, முக்கியமாகச் சிறுவர்களை, அப்புறப்படுத்துக. பின்னால் நின்று தள்ளுவது நம்மவரிடையே உள்ள வழக்கம். உதவி செய்யும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆயினும் 300 கிலோ இரும்பு பின்னோக்கி உருளத் தொடங்கினால் அதனை நெஞ்சால் தடுக்க எவராலும் இயலாது. வழிகாட்டுபவர் ஒருவர் போதும். அவரும் லோரியின் பக்கவாட்டில், ஓட்டுநர் கண்ணில் படும்படி, பலகையிலிருந்து எட்டி நிற்க வேண்டும்.

நான்காவதாக, ‘வின்ச்’ எனப்படும் இழுவைக் கருவி இருந்தால் அதனைக் கொண்டு ஆளில்லாமல் இழுத்து ஏற்றுவதே மிகச் சிறந்த வழி. வண்டியின் மேல் ஆள் இல்லையேல், நசுங்குவதற்கும் ஆள் இல்லை. ஆனால் முறுகிய கம்பிவடத்தின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கலாகாது.

ஐந்தாவதாக, ஓட்டியே ஏற்ற வேண்டியிருப்பின், தலைக்கவசமும் காலணியும் அணிந்து, தாழ்ந்த கியரில், நான்கு சக்கர இயக்கம் இருப்பின் அதனையும் போட்டு, உடலை முன்னே சாய்த்து, ஒரே சீரான மெதுவான வேகத்தில் ஏறுக. இடையில் கியர் மாற்றாதீர்கள். விசையைத் திடீரெனக் கூட்டாதீர்கள். முன்சக்கரம் தளத்தைத் தொட்டதும் பலருக்கு வரும் ஆவலே, “ஒரே அழுத்தில் ஏறிவிடலாம்” என்பது. ஆபத்து காத்திருக்கும் கணம் அதுவே.

நடுவில் வண்டி நின்றுவிட்டால் என் செய்வது? உடலை மேட்டுப்பக்கம் சாய்த்தபடி, முன்தடையை மெதுவாகப் பிடித்து, பின்னோக்கி நேராக இறங்குக. பின்தடையை மட்டும் வெடுக்கென்று பிடித்தால், வண்டி பின்சக்கரங்களை அச்சாகக் கொண்டு மல்லாந்துவிடும்.

கட்டும் முறை

தளத்தில் ஏற்றிய பின் வேலை முடிந்தது என்று நினைப்போர் பலர். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

ஓடும் லோரி திடீரென நிற்கும்போது, அதன் மேலுள்ள பொருள் நிற்க விரும்புவதில்லை. முன்னேயே செல்ல முயலும். சரக்குக் கட்டும் முறைகளை வகுத்த மேலை நாட்டு வல்லுநர்கள், பொருளின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்னோக்கியும், பத்தில் ஐந்து பங்கு விசை பக்கவாட்டிலும் பின்னோக்கியும் தள்ளக் கூடும் எனக் கொண்டு கட்ட வேண்டுமென்று விதித்துள்ளனர். நம்முடைய 300 கிலோ வண்டிக்கு இது முன்னோக்கி 240 கிலோவும், பக்கவாட்டில் 150 கிலோவும் ஆகும். வாழைத்தார் கட்டும் பிளாஸ்டிக் கயிறும், பழைய சைக்கிள் டியூப்பும் இதனைத் தாங்குமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இறுக்கு விசையுடன் கூடிய பாலியெஸ்டர் பட்டைகள் நான்கு வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் அது பாதுகாப்பாகத் தாங்கும் எடை அச்சிடப்பட்டிருக்கும். அறுந்துபோகும் எடை வேறு, பாதுகாப்பாகத் தாங்கும் எடை வேறு. பின்னதையே நோக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையும் தனித்தே வண்டியின் முழு எடையைத் தாங்க வல்லதாக இருப்பது நலம்.

வண்டியின் நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு பட்டைகள் செல்ல வேண்டும். முன்பட்டைகள் முன்னோக்கியும் கீழ்நோக்கியும், பின்பட்டைகள் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் சாய்ந்திருக்க வேண்டும். நேர்ச்செங்குத்தாகக் கட்டிய பட்டை மேலே எழும்புவதைத் தடுக்குமே தவிர, முன்னே வழுக்குவதை நன்கு தடுக்காது. கூடாரக் கயிறுகளை நாலாபுறமும் சாய்த்துக் கட்டுவது போன்றது இது. கொக்கியை வண்டியின் உறுதியான சட்டத்தில் மாட்டுக; கைப்பிடியிலோ, சாமான் வைக்கும் தட்டிலோ மாட்டாதீர்கள். வண்டியின் சுருள்வில் சற்றே அமுங்கும் அளவுக்கு இறுக்குக. அப்பொழுதுதான், பள்ளத்தில் குலுங்கும்போது பட்டை தொய்ந்து கொக்கி கழலாது. பட்டை கூர்மையான விளிம்பில் உராய்ந்தால், அங்கே தடித்த துணியையோ, இரப்பர்த் துண்டையோ வைக்க.

பிறகு வண்டியைக் கியரில் விட்டு, நிறுத்துதடையைப் பூட்டி, பெட்ரோல் குழாயை அடைத்து, சாவியை எடுத்துக்கொள்க. சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்க. பின்கதவை மூடுக. வண்டியைப் பிடித்து வலுவாக அசைத்துப் பாருங்கள். அது தனியே அசையாமல் லோரியோடு சேர்ந்து அசைந்தால் கட்டு சரியானது.

இழுவை வண்டியில் கொண்டு செல்வோர்

சிலர் பின்னால் கோத்த இழுவை வண்டியில் ஏற்றிச் செல்வர். இழுவை வண்டிக்குரிய பதிவையும் அனுமதியையும் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் முன்னதாகவே கேட்டறிதல் வேண்டும்.

இழுவை வண்டியை முன்வாகனத்துடன் கோத்த பின்னரே சிறுவண்டியை ஏற்ற வேண்டும். கோக்காமல் ஏற்றினால், பின்புறம் தாழ்ந்து முன்புறம் மேலே எழும்பிவிடும்.

பாரம் அச்சுக்குச் சற்று முன்னே இருக்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முதல், நூற்றுக்கு 15 பங்கு வரை கொக்கியின் மேல் விழுவது முறை என்பர். இழுவை வண்டி 250 கிலோ, சிறுவண்டி 300 கிலோ எனில், மொத்தம் 550 கிலோ. கொக்கியின் மேல் 55 முதல் 80 கிலோ வரை இருத்தல் வேண்டும். பாரம் பின்னே சென்றுவிட்டால், இழுவை வண்டி மீன் வாலைப் போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடி, முன்வாகனத்தையே புரட்டிவிடும். அவ்வாறு ஆடினால் தடையை ஓங்கி மிதிக்காமல், திருப்புசக்கரத்தை நேராகப் பிடித்து, விசையிலிருந்து காலை எடுத்து, வேகம் தானே குறையும்படி விடுக. பின்னர் ஓரமாக நிறுத்திப் பாரத்தை முன்னே நகர்த்திக் கட்டுக.

கொக்கிக்குத் துணையாக இரண்டு காவற் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுதல் வேண்டும். டயரின் காற்று, சக்கர மரைகள், பின்விளக்கு, தடைவிளக்கு ஆகியவற்றைப் புறப்படுமுன் பார்க்க வேண்டும்.

சாலையில் செல்லும்பொழுது

வேகம் இரு மடங்கானால், வாகனத்தை நிறுத்தத் தடை செய்ய வேண்டிய வேலை நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் வாகனத்தை நிறுத்துவதைவிட, 80 கிலோமீட்டரில் செல்வதை நிறுத்த நான்கு மடங்கு ஆற்றலைத் தணிக்க வேண்டும். பாரத்துடன் செல்லும்போது முன்வாகனத்திலிருந்து மேலும் விலகிச் செல்க.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் சாலை போன்ற வளைவான மலைப்பாதைகளில் இறங்கும்போது, தாழ்ந்த கியரில் இறங்குக. தடையை விடாமல் மிதித்தால் அது சூடேறி வலுவிழக்கும். 1982இல் திறக்கப்பட்ட, கெரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் யானைகள் சாலையைக் கடப்பதுண்டு. இரவில் அங்கே திடீரெனத் தடை பிடிக்க நேரிடும் என்பதை எண்ணியே பாரத்தைக் கட்டுக.

புறப்பட்ட 10 கிலோமீட்டருக்குள் ஒரு முறை நிறுத்திப் பட்டைகளைச் சோதிக்க. புதிதாகக் கட்டிய பட்டை சற்றுத் தளர்வது இயல்பு. பின்னர் நிறுத்தும் இடந்தோறும் சோதிக்க.

ஒரு வேண்டுகோள். ஏற்றிய வண்டியின் அருகில், லோரியின் பின்தளத்தில், எவரையும் அமர்த்தாதீர்கள். அதன் இருக்கையில் பிள்ளைகளை உட்கார வைத்து ஊர்வலம் போல் அழைத்துச் செல்வது அவர்களுக்கு ஒரு நாள் மகிழ்ச்சி தரலாம். ஆயுள் முழுதும் பெற்றோருக்குத் துயரைத் தந்துவிடலாம்.

இறக்கும் முறை

களைத்துப் போய் வந்து சேர்ந்த வேளையில் அவசரம் மிகும். அதனால் இறக்கும்போதும் அதே கவனம் வேண்டும். முதலில் லோரிக்கு முட்டுக்கட்டை, பிறகு பலகையைக் கட்டுதல், அதன் பின்னரே பட்டைகளை அவிழ்த்தல் என்னும் வரிசையை மாற்றலாகாது. பட்டையை முதலில் அவிழ்த்துவிட்டுப் பலகை தேடச் சென்றால், வண்டி தானே இறங்கி வந்து உங்களைத் தேடும்.

வின்ச்சினால் மெல்ல விட்டு இறக்குவது நன்று. ஓட்டி இறக்குவதாயின், உடலை மேட்டுப்பக்கம் சாய்த்து, நேர்க்கோட்டில், முன்தடையை அளவாகப் பிடித்தபடி இறங்குக. பலகையின் மேல் திருப்புதல் கூடாது.

வேட்டைக்குச் செல்வோர் கவனத்துக்கு

இளஞ்செம்பனையை அழிக்கும் காட்டுப் பன்றியை வேட்டையாடச் செல்லும் வழக்கம் நம் தோட்டப்புறங்களில் உண்டு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு உரிமம் வேண்டும். துப்பாக்கிக்குத் தனி உரிமம் வேண்டும். தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

துப்பாக்கியில் தோட்டா இருத்தலாகாது. அதனை உறையிலிட்டு, உரிமம் உடையவர் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறுவண்டியின் மேல் கட்டித் தொங்கவிடுதல் கூடாது. ஒரு குலுக்கலே பேரிழப்புக்குப் போதும். வேட்டையாடிய விலங்கைப் பின்தட்டில் ஏற்றியபடியே சாய்பலகையில் ஏறாதீர்கள். பின்பாரம் கூடுவதால் வண்டி எளிதில் மல்லாந்துவிடும். இறக்கி வைத்து, வண்டியைத் தனியே ஏற்றுக.

பெட்ரோல் கலத்தை அதற்கென அமைந்த மூடியுடன் நிமிர்த்திக் கட்டுக. கலத்தை நிரப்பும்போது லோரித் தளத்தின் மேல் வைத்தே நிரப்பாமல், தரையில் இறக்கி வைத்து நிரப்புக. பிளாஸ்டிக் விரிப்பின் மேலுள்ள கலத்தில் தேங்கும் மின்னூட்டம் பொறியாகித் தீப்பற்றச் செய்யலாம்.

2021ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டில் கண்டறியப்பட்டது. அக்காய்ச்சல் மனிதரைப் பற்றாது. ஆனால் பன்றிகளை அழித்துவிடும். சேற்றிலும் இரத்தத்திலும் அந்நோய்க் கிருமி ஊர் விட்டு ஊர் செல்லும். ஆகவே, புறப்படுமுன் சக்கரங்களையும் தளத்தையும் கழுவுவது நம் சாலைப் பயணத்துக்கும் நல்லது. கால்நடை வளர்ப்போருக்கும் நல்லது.

சட்டம் தரும் உரிமை

வேலையின் பொருட்டு இவ்வண்டியை ஏற்றி இறக்கும் தொழிலாளி, “இந்தப் பலகை போதாது” என்று சொல்லத் தயங்குவதுண்டு. பயந்தவன் என்பார்களோ, வேலை போய்விடுமோ என்னும் அச்சம் அவரைத் தடுக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து உண்டென நம்பத் தக்க காரணம் இருந்து, அதனை எடுத்துச் சொல்லியும் முதலாளி நீக்காவிடின், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகுவதற்கு இத்திருத்தம் உரிமை வழங்குகிறது. சொல்வது குற்றமன்று, சொல்லாமல் ஏறுவதே பிழை.

வேலையில் காயம் நேர்ந்தால், முதலாளி தமக்குத் தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். “சிறு காயந்தானே” என்று மறைத்துவிட்டால், பிற்காலத்தில் வலி மிகும்போது உரிய உதவியைப் பெறுவது கடினமாகும். வெளிநாட்டுத் தொழிலாளரும் 2019 ஜனவரி முதல் சொக்சோவின் வேலையிட விபத்துப் பாதுகாப்பைப் பெற்றுள்ளனர். வண்டியின் அடியில் ஒருவர் சிக்கிக்கொண்டால், 999ஐ அழைத்து, இயந்திரத்தை அணைத்து, பலர் சேர்ந்து வண்டியைத் தூக்கி அகற்றுக. இடுப்போ முதுகோ அடிபட்டவரைத் தேவையின்றிப் புரட்டாதீர்கள்.

சுவரில் ஒட்டி வைக்க ஏழு வரிகள்

1. வாகனம் பாரத்தைத் தாங்குமா எனப் பார்.
2. லோரிக்கு முட்டுக்கட்டை வை.
3. பலகை, தளத்தின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு நீளம் இருக்கட்டும்.
4. பலகையைக் கட்டாமல் ஏறாதே.
5. பின்னால் எவரையும் நிறுத்தாதே.
6. நான்கு மூலையிலும் பட்டை கட்டு. 10 கிலோமீட்டரில் மீண்டும் பார்.
7. பலகையைக் கட்டிய பின்னரே பட்டையை அவிழ்.

அன்பார்ந்த தோட்டப் பெருமக்களே, முதலில் நான் கூறிய அந்த ஓட்டுநர் இன்று நடக்கிறார். ஆனால் வலக்காலைச் சற்று இழுத்தே நடக்கிறார். இளைஞர் எவரேனும் வண்டி ஏற்றுவதைக் கண்டால், அவர் வேலையை நிறுத்தச் சொல்லித் தாமே குனிந்து பலகையின் சங்கிலியை இழுத்துப் பார்க்கிறார். “தம்பி, கட்டியாயிற்றா?” என்பதே அவர் கேட்கும் ஒரே கேள்வி. ஒவ்வொரு தோட்டத்திலும் அக்கேள்வியைக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.